மழை பெய்தது யார் குற்றம்?



தென்னேரித் திருவிழாவில் இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாறு. நாயனார் காஞ்சி நகரத்தவர். ஏகாலியர் குலத்தில் தோன்றியவர். அடியவர்தம் குறிப்பறிந்து அவர்களுடைய ஆடைகளை வெளுத்துக் கொடுப்பதையே தொண்டாகக் கொண்டவர். தறியோடு வாழும் மக்கள் நிறைந்த இச்சபையில் துணியும் மழையும் பற்றிய கதையை மிக விரிக்க வேண்டுவதில்லை. தெருவில் பாவு விரித்திருக்கும்போது மேகம் கறுத்தால் நெஞ்சு படும் பாட்டை எம்மினும் நீங்களே நன்கறிவீர்கள்.

குளிர்காலத்தில் ஒருநாள், பெருமான் மெலிந்த அடியவராய், அழுக்கேறிய கந்தை ஒன்றோடு வந்தான். பொழுது சாயுமுன் வெளுத்துத் தரவேண்டும், தவறினால் இவ்வுடல் வருந்தும் என்று கூறிக் கந்தையைக் கொடுத்தான். நாயனாரும் இசைந்தார். துவைத்தாயிற்று, உலர்த்த வேண்டியதுதான் குறை. அந்நேரத்தில் வானம் திறந்து கொட்டியது. நின்றுவிடும் என்று காத்திருந்தார்; நிற்கவில்லை. பொழுதும் சாய்ந்தது.

இங்கே ஓரிடத்தை நாம் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பாடியருளியபோது, நாயனார் மழையை நொந்தார் என்று கூறவில்லை. முன்னதாகவே துவைத்து வீட்டுக்குள் காற்றாடப் போட்டிருக்கலாமே, அது தோன்றாமற் போயிற்றே என்று அவர் தம்மையே நொந்ததாகப் பாடுகின்றார். அடியவர் திருமேனி குளிரால் நடுங்கத் தாமே காரணம் என்று துணிந்து, துணி துவைக்கும் கற்பாறையில் தம் தலையை மோதச் சென்றார்.

அன்பர்களே, இதே சொல்லை நாம் வேறொருவர் வாயிலும் கேட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் பேசி முடித்து இறங்கியபோது, நெசவாளர் குடும்பத்து அம்மையார் ஒருவர் எம்மை அணுகினார். காய்ச்சலில் மகனை இழந்தவர். "ஐயா, ஒரு நாள் முன்னாடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தா பிள்ளை பிழைச்சிருப்பானே" என்று அழுதார். நாமோ கற்ற பாடத்தை ஒப்பிப்பதுபோல, "எல்லாம் பிராரத்தம் அம்மா" என்றோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் வினையா ஐயா, என் வினையா?" என்று கேட்டார். எமக்கு நா எழவில்லை. நாற்பது ஆண்டுகள் சாத்திரம் ஓதியும் அந்த ஒரு வினாவுக்கு அன்று எம்மிடம் விடை இல்லை.

நூல் என்ன சொல்கிறது? வினை மூவகை. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போது புதிதாய் ஏறுவது ஆகாமியம். உங்கள் தொழிலையே வைத்துச் சொல்லலாம். தறிக்கு வந்த பாவு முன்பே அமைந்தது. அதில் நீங்கள் ஓட்டும் ஊடை உங்கள் கையது. பாவில் இழை அறுந்தால் இணைக்கலாம். பாவையே மாற்ற இயலாது. மேலும் வினை சடம். தானே வந்து எவரையும் பற்ற அறியாது. பயனைக் கூட்டுவிப்பவன் சிவபெருமான். ஒருயிரின் வினைப்பயனை மற்றோருயிர் உண்பதும் இல்லை. ஆகவே தாயின் வினை மகனைக் கொன்றது என்பதற்குச் சித்தாந்தத்தில் இடமே இல்லை. பிறருடைய சஞ்சிதத்தை எண்ணிப் பார்க்கும் கணக்கேடும் நம் கையில் தரப்படவில்லை. துன்புற்றவரைப் பார்த்து "அவர் என்ன பாவம் செய்தாரோ" என்று திண்ணையில் அமர்ந்து பேசுகிறோமே, அதுதான் புதிய ஆகாமியம்!

இதைக் கேட்டவுடன், எல்லாம் விதி என்று கையைக் கட்டிக்கொள்ளச் சிலர் ஆயத்தமாவர். அதுவும் ஆகாது. திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆயிற்று என்பர். 2015ஆம் ஆண்டு இறுதியில் நம் மாவட்டமெங்கும் பெருமழை கொட்டியது. அம்மழை எவர் கையிலும் இல்லை. ஆனால் மதகைப் பழுது பார்ப்பதும் வரத்துக்கால் தூர்வாருவதும் கரையைக் காப்பதும் மனிதர் கடமை. தூர்ந்த கால்வாய்க்கு ஊழ் என்று பெயர் வைத்தல் சோம்பலே.

நாயனார் துவைத்தார், காத்திருந்தார். தம் பங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. மழையோ, அவர் அன்பை உலகறியச் செய்ய அப்பெருமானே வருவித்தது. தமதல்லாத மழையைத் தம் தலைமேல் ஏற்றிக்கொண்டு பாறையை நோக்கி அவர் குனிந்தபோது, அப்பாறையிலிருந்தே ஏகம்பன் திருக்கை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டது. பூமாரி பொழிந்தது; அம்மையோடு விடைமேல் காட்சி தந்து, தன் உலகில் தன்னோடு இருக்க அருளினான். கந்தை ஏன் உலரவில்லை என்று அவன் கேட்கவில்லை.

அவ்வம்மையார் இச்சபையில் இருக்கிறாரோ, அறியோம். இருப்பின், அன்று சொல்லத் தெரியாமற் போனதை இன்று சொல்கிறோம். அம்மா, காய்ச்சல் அவ்வாறு முற்றும் என்று முந்திய நாள் உமக்குத் தெரியாது. தெரிந்த அளவுக்கு நீர் செய்தீர். பாறையருகே செல்லாதீர், இங்கே வந்து எம்முடன் அமரும். தீபாராதனைக்கு நேரமாயிற்று.