புகைக்குழாய் போல்ட்டுகளை அளவறிந்து முடுக்குங்கள்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியர் போல்ட்டு நட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நெல்லுக்குக் கதிர் உருவாகும் காலத்திலிருந்து பூக்கும் காலம் வரை தண்ணீர் தட்டக்கூடாது. நிலக்கடலையில் விழுது இறங்கிக் காய் பிடிக்கும்போது ஈரம் குறையக்கூடாது. இதை நாங்கள் எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறோம். ஆனால் அந்த நாட்களில் எஞ்சின் நின்றுபோனால் எங்கள் சிபாரிசு எதுவும் பயன்படாது. மின் மோட்டார்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் டீசல் எஞ்சின், பவர் டில்லர், டிராக்டர், சிறு பெட்ரோல் பம்பு என்று ஏதாவது ஒரு எஞ்சினை நம்பித்தான் சாகுபடி நடக்கிறது. இந்த எஞ்சின்களில் நாம் மிகக் குறைவாகக் கவனிக்கும் பகுதி புகைக்குழாயும் சைலன்சரும். அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

கசிவினால் வரும் கேடு

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியில் முதலில் இருப்பது மேனிபோல்டு என்னும் வார்ப்பிரும்புக் குழாய். எஞ்சின் ஹெட்டுக்கும் இதற்கும் இடையில் கேஸ்கட் இருக்கும். இதற்கு அடுத்தது சைலன்சர். இந்த இணைப்புகளில் ஒன்று தளர்ந்தாலும் புகை இடையிலேயே கசியும்.

கசிவினால் மூன்று கேடுகள் உண்டு. முதலாவது உயிருக்கு வரும் கேடு. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருளோடு, பிராணவாயுவைவிட இது 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் எஞ்சின்களில் இது மிக அதிகம். டீசல் எஞ்சினில் குறைவு என்றாலும், நான்கு பக்கமும் அடைத்த எஞ்சின் கொட்டகையில் அதுவும் ஆபத்தே. கொட்டகையில் இருக்கும்போது தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். கிணற்றுக்குள் எஞ்சினை இறக்கி ஓட்டவே கூடாது. அவ்வாறு உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கவும் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு உடனே சொல்லியனுப்ப வேண்டும்.

இரண்டாவது தீ. முழுச் சுமையில் ஓடும் டீசல் எஞ்சினின் புகை 400 முதல் 600 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக இருக்கும். களத்தில் கதிரடிக்கும்போது தளர்ந்த இணைப்பிலிருந்து இந்தச் சூடும் தீப்பொறியும் வைக்கோல் பக்கம் வீசினால், ஒரு பருவத்து உழைப்பு சில நிமிடங்களில் சாம்பலாகிவிடும்.

மூன்றாவது செலவு. கசியும் சூடான புகை கேஸ்கட்டை அரிக்கும். பின்னர் ஹெட்டின் முகத்தையும் அரிக்கும். முதலில் கேஸ்கட்டோடு போயிருக்க வேண்டிய செலவு, கடைசியில் ஹெட்டைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பும் செலவாக முடியும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. இவற்றின் புகைக்குழாயில் வடிகட்டியும் உணர்கருவிகளும் பொருத்தப்பட்டிருந்தால், கசிவு அவற்றின் வேலையையும் குழப்பும்.

அதிகம் முடுக்குவதும் குற்றமே

"கசியக்கூடாது என்றால் நன்றாக முடுக்கிவிட்டால் போயிற்று" என்று சொல்லத் தோன்றும். கேடு அங்கேதான் தொடங்குகிறது. யூரியா குறைந்தால் பயிர் வெளிறும்; கூடினால் பூச்சி நோய் பெருகிச் சாயும். போல்ட்டுக்கும் அப்படியே ஒரு அளவு உண்டு.

போல்ட் இரும்புதானே, அது நீளுமா என்று கேட்கலாம். நீளும். முடுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீண்டு, மீண்டும் சுருங்க முயல்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. கவணில் உள்ள ரப்பரை நினைத்துப் பாருங்கள். அளவோடு இழுத்தால் திரும்பி வரும். அளவுக்கு மேல் இழுத்தால் தொய்ந்துவிடும். இன்னும் இழுத்தால் அறுந்துவிடும். போல்ட்டும் அப்படியே. அளவுக்கு மேல் முடுக்கிய போல்ட் கையில் இறுக்கமாகத் தெரிந்தாலும் தொய்ந்து போனதாக இருக்கலாம். மறுநாள் சூட்டில் அது தளரும், அல்லது ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுப்பது எளிய வேலை அல்ல. வார்ப்பிரும்பு வளையாது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுகினால் மேனிபோல்டு விரிசல் விட்டுவிடும்.

சூட்டின் பங்கும் இதில் உண்டு. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிபோல்டு 400 டிகிரி சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும், ஆறும்போது சுருங்கும். எஞ்சினை ஓட்டி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. பல மேனிபோல்டுகளின் துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது இதற்காகவே. அந்த அசைவுக்கு இடமில்லாமல் முடுக்கினால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும்.

அளவு எப்படிச் சொல்லப்படுகிறது?

முடுக்கும் அளவை முறுக்கு விசை என்கிறோம். பட்டறையில் டார்க் என்பார்கள். ஸ்பேனரை இழுக்கும் பலத்தையும், போல்ட்டின் நடுவிலிருந்து கை பிடித்த இடம் வரை உள்ள தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது இது. பழைய கைப்புத்தகங்களில் கிலோகிராம்-மீட்டர் என்றும், புதியவற்றில் நியூட்டன்-மீட்டர் என்றும் கொடுத்திருப்பார்கள். ஒரு கிலோகிராம்-மீட்டர் ஏறக்குறைய 10 நியூட்டன்-மீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவை அதன் கைப்புத்தகத்தில் பார்க்க வேண்டும். இல்லையெனில் விற்பனையாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பொதுவாக, 13 ஸ்பேனர் போடும் 8 மில்லிமீட்டர் எஃகு போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன்-மீட்டரும், 17 ஸ்பேனர் போடும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 40 முதல் 50 நியூட்டன்-மீட்டரும் வரும். இது ஒரு மதிப்பீடு மட்டுமே; கைப்புத்தகத்தின் அளவே முடிவானது.

ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி முடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அரை மீட்டர் குழாயின் நுனியில் 50 கிலோ பலத்தோடு இழுத்தால் 25 கிலோகிராம்-மீட்டர், அதாவது ஏறக்குறைய 250 நியூட்டன்-மீட்டர் ஆகிறது. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தேவை அதில் பத்தில் ஒரு பங்கே. பழைய போல்ட்டுகள் எல்லாம் ஏன் முறிகின்றன என்பது இப்போது விளங்கும்.

தராசு வைத்து முடுக்கலாம்

டார்க் ரெஞ்ச் என்னும் கருவியில் அளவை வைத்து முடுக்கினால், அந்த அளவு வந்ததும் "டக்" என்று ஒலிக்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும். இன்னொரு முறை இழுக்கக்கூடாது. நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தக்கூடாது. வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. பத்து உழவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அது இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மூட்டை நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். ரிங் ஸ்பேனரில், நட்டின் நடுவிலிருந்து சரியாக 20 சென்டிமீட்டர் தூரத்தில் கயிறு கட்டித் தராசின் கொக்கியை மாட்டுங்கள். ஸ்பேனருக்குச் செங்குத்தாக, வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல இழுங்கள். நியூட்டன்-மீட்டரில் சொன்ன அளவில் பாதிதான் தராசு காட்ட வேண்டிய கிலோ. 25 நியூட்டன்-மீட்டர் என்றால் பன்னிரண்டரை கிலோ. 40 என்றால் 20 கிலோ. கிலோகிராம்-மீட்டரில் சொல்லியிருந்தால் 5 ஆல் பெருக்குங்கள். கயிறு சாய்ந்தால் கணக்கு தவறும். கயிறு நழுவாமல் இருக்க அந்த இடத்தில் துணி நாடாவைச் சுற்றிக்கொள்ளலாம்.

முடுக்கும் முறை

1. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சூட்டில் கழற்றினால் கை சுடும், மரையும் கெடும்.

2. துருப்பிடித்த நட்டை வலிந்து திருகாதீர்கள். முதல்நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் சிறிது முடுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். இவ்வாறு முன்னும் பின்னும் அசைத்தால் ஸ்டட் முறியாது. எஞ்சினை ஓட்டும் முன் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

3. பழைய கேஸ்கட்டை மறுபடியும் போடாதீர்கள். பழைய எஞ்சின்களின் கேஸ்கட்டில் கல்நார் இருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. எனவே அதை நனைத்து எடுக்க வேண்டும். உலர்வாகச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

4. மரைகளைக் கம்பிப் பிரஷினால் சுத்தம் செய்யுங்கள். நாம் இழுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. ஒரு பங்குதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. மரையில் துரு இருந்தால் தராசு அளவைக் காட்டும், பிடிப்பு இருக்காது. எண்ணெய் இருந்தால் அதே அளவில் பிடிப்பு மிஞ்சிவிடும். சூடு தாங்கும் செப்புப் பசையோ கிராபைட் பசையோ பூசினால், கைப்புத்தகம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

5. எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகி உட்கார வையுங்கள். பிறகு பாதி அளவு, கடைசியாக முழு அளவு என்று இரண்டு சுற்றில் முடுக்குங்கள். வரிசையாக உள்ள போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறி மாறிச் செல்ல வேண்டும். நான்கு போல்ட் உள்ள இணைப்பில் எதிரெதிர் மூலைகளாக முடுக்க வேண்டும். ஒன்றை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பாகம் கோணிக்கொள்ளும்.

6. எஞ்சினை அரை மணி நேரம் சுமையில் ஓட்டி, முழுதும் ஆறவிட்டு, அதே அளவில் ஒருமுறை சரி பாருங்கள். புதிய கேஸ்கட் சூட்டில் அமுங்குவதால் சற்றுத் தளர்ந்திருக்கும். மறுமுறை முடுக்கக்கூடாது என்று கைப்புத்தகம் சொன்னால் விட்டுவிடுங்கள்.

பித்தளை நட்டு அல்லது செம்பு பூசிய நட்டு போட்டிருந்த இடத்தில் சாதாரண இரும்பு நட்டைப் போடாதீர்கள். அவை சூட்டில் ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவே அப்படிச் செய்யப்பட்டவை.

சைலன்சரும் வாகனங்களும்

சைலன்சர் குழாயைப் பிடிக்கும் யூ வடிவக் கிளாம்பு குழாய் நசுங்காத அளவுக்குத்தான் இறுக வேண்டும். நசுங்கிய குழாயை அடுத்த முறை கழற்ற முடியாது; புகையும் தடைபடும். டிராக்டரில் நிமிர்ந்து நிற்கும் சைலன்சருக்குத் தாங்கி இருந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உழும்போது ஏற்படும் அதிர்ச்சி முழுவதும் மேனிபோல்டு போல்ட்டுகளின் மேல் விழும்.

காய்கறி ஏற்றும் சிறு வண்டியும் காரும் வைத்திருப்பவர்களுக்கும் இந்த முறைகள் பொருந்தும். ஆனால் அவற்றில் சிலவற்றின் புகைக்குழாய் இணைப்பில் ஸ்பிரிங் போட்ட போல்ட்டுகள் இருக்கும். எஞ்சின் ஆடும்போது குழாயும் சற்று அசைய வேண்டும் என்பதற்காக அவை வைக்கப்பட்டுள்ளன. போல்ட்டின் தோள் போய் உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் முடுக்கினால் போல்ட் முறியும். வண்டிக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். சக்கரத்துக்குக் கட்டையும், வண்டிக்கு உறுதியான தாங்கியும் வேண்டும்.

எப்போது பார்ப்பது?

எஞ்சின் ஆறியிருக்கும்போது இணைப்புகளின் ஓரத்தில் கரிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் "டிக் டிக்" என்ற ஒலி கேட்டு, சூடானபின் குறைந்தால், மேனிபோல்டு கசிகிறது என்று சந்தேகிக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் நாற்றங்கால் விடும் நாட்களிலேயே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். களத்துக்கு எஞ்சினைக் கொண்டுபோகும் முன் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. கைப்புத்தகத்தில் உள்ள அளவைக் கொட்டகைச் சுவரில் பெயின்டால் எழுதி வைத்தால் யார் ஸ்பேனரைப் பிடித்தாலும் தவறு நேராது.

உரத்தையும் பூச்சி மருந்தையும் அளந்து போடப் பழகிவிட்ட நமக்கு, போல்ட்டையும் அளந்து முடுக்குவது பெரிய காரியமல்ல. வீட்டில் இருக்கும் தராசை ஒருநாள் காலையில் எஞ்சின் கொட்டகைக்கு எடுத்துச் சென்று பார்க்குமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.