குழந்தை மேல் தப்பு இல்லை



நம் கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பலர் விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவில்தான் திரும்புகிறார்கள். அலுப்புத் தீர என்று சிலர் குடிக்கிறார்கள். 2007-இல் கர்நாடகத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. குடி நிற்கவில்லை. வேறு மது வந்தது.

அப்பா குடித்துவிட்டு வருகிறார். வீட்டில் சண்டை. குழந்தை கண்ணை மூடிப் படுத்திருக்கிறது. ஆனால் தூங்கவில்லை. எல்லாம் கேட்கிறது.

அதன் மனம் என்ன ஆகும்? கதவுச் சத்தம் கேட்டாலே நடுங்கும். வளர்ந்த பிள்ளையும் படுக்கையை நனைக்கலாம். பாடம் மனதில் நிற்காது. ஒரு பையன் பள்ளியில் மற்றவரை அடிப்பான். ஒரு பெண் பேச்சைக் குறைப்பாள். பத்து வயதிலேயே தம்பிக்குத் தாய் ஆவாள். "நான் நன்றாக இருந்தால் அப்பா குடிக்கமாட்டார்" என்று எண்ணுவாள். இதுதான் பெரிய பாரம்.

அந்தப் பாரத்தை நாம் இறக்கலாம். குழந்தையிடம் சொல்லுங்கள்: "உன் மேல் தப்பு இல்லை. அப்பாவுக்கு வந்திருப்பது ஒரு நோய்." வேளைக்குச் சோறு, தூக்கம், பள்ளி, இவை தவறக் கூடாது. நோய் என்பதற்காக அடியைப் பொறுக்க வேண்டாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

குடிநோய்க்கு மருத்துவம் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் துணையோடு நிறுத்துவதே நல்லது.

நம் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டுச் சத்தம் நமக்கும் கேட்கும். அந்த வீட்டுக் குழந்தை இரவில் வாசலில் வந்து நின்றால், கேள்வி கேட்காதீர்கள். உள்ளே கூப்பிடுங்கள். சோறு போடுங்கள்.