பால்வாடியில் இந்தப் பிள்ளைக்கும் ஒரு தட்டு



பழவேற்காட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் டச்சுக் கல்லறையில் தொடங்கிப் பூநாரையில் முடிப்பார்கள். நான் இரண்டையும் விட்டுவிடுகிறேன். தாய்மார்களே, விடிகாலையில் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் பொன்னேரி பஸ் ஏறிய பிறகு பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அதுதான் இன்றைக்கு என் பேச்சு. ஓடியாடுகிற பிள்ளை பால்வாடிக்குப் போய்விடுகிறது. நடக்க வராத பிள்ளையும் காது கேளாத பிள்ளையும் பாட்டி பக்கத்தில் பாயில் கிடக்கின்றன.

ஏன் என்று கேட்டால், "ஆறு வயசாகட்டும், ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துக்கலாம்" என்கிறார் அம்மா. "கீழ விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்கிறார் ஆசிரியை. ஆசிரியை கேட்பதை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். சமையல், எடை பார்த்தல், பதிவேடு, போதாக்குறைக்கு செல்போனில் போஷன் டிராக்கர் செயலி. ஆணை போடுகிறவர்கள் கூடவே ஆளையும் அனுப்ப வேண்டும்.

ஆனால் அம்மா சொல்லும் கணக்குதான் ஆபத்து. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை 6 வயதிலிருந்துதான் எண்ணுகிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அப்படியே. அதற்கு முந்தைய வயதுக்கு ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கதவு ஒன்றுதான்: 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அதாவது அங்கன்வாடி, நம் பால்வாடி. காது விஷயத்தில் கணக்கு இன்னும் கொடுமை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். நீங்கள் ஆறு வயதாகட்டும் என்று காத்திருக்கிறீர்கள். அங்கே ஆறோடு கதவைச் சாத்துகிறார்கள்!

பால்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது 2013 முதல் நடக்கும் தேசியத் திட்டம். குழு பால்வாடிக்கு வருகிற நாளில் பிள்ளை வீட்டுப் பாயில் கிடந்தால், அதன் பெயர் எந்தத் தாளில் ஏறும்?

அந்தப் பாயில் நடப்பதையும் பாருங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் படுக்க வைத்து ஊட்டுகிறோம். புரையேறுகிறது, இருமுகிறது, எடை ஏறவில்லை. அதே பிள்ளையைச் சுவரின் மூலையில் உட்கார வைத்து, இரு பக்கமும் பழைய புடவையைச் சுருட்டி அண்டை கொடுத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சத்துமாவைத் தண்ணியாகக் கரைக்காமல் கூழ் பதத்தில் சிறு கரண்டியால் கொடுங்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதுவே பெரிய மாற்றம். இதற்கு வேண்டியது ஒரு பழம்புடவையும், ஒருமுறை காட்டிக்கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட்டும். அதோடு, எதிரில் நாலு பிள்ளைகள் கும்மாளம் போட்டால், கழுத்தைத் தூக்கிப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

2023 நவம்பர் 28 அன்று ஒன்றிய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே அங்கன்வாடி வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. அறிகுறியைக் கண்டுபிடி, மையத்தில் சேர், வீட்டாரோடு பேசு, மருத்துவரிடம் அனுப்பு என்கிறது அது. நல்ல காகிதம்தான். ஆனால் குப்பத்து மணலில் சக்கர நாற்காலி உருளுமா? சிகிச்சைக்குத் திருவள்ளூர் போய் வந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. வாரம் ஒருமுறை போகச் சொன்னால் எந்தத் தாயால் முடியும்? பயிற்சியாளர்தான் இங்கே வர வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்த் தாய்க்குப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். தென்காசிப் பக்கம் நடப்பது பழவேற்காடு ஏரிக்கரையில் ஏன் நடக்கக் கூடாது?

ஏரியில் பாடு முறை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நீங்கள். நல்ல இடத்தில் ஒருவரே வலை போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, முறை வந்தால் உரிமை உள்ள எல்லோருக்கும் உண்டு என்று கட்டுப்பாடு வைத்தவர்கள். அந்தக் கட்டுப்பாட்டைப் பால்வாடிக்கும் கொண்டுவாருங்கள்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் இரண்டே தீர்மானம் போடுங்கள். தெருமுனையிலிருந்து பால்வாடி வாசல்வரை சிமென்ட் பாதையும், படிக்குப் பதில் சாய்தளமும் ஊராட்சியிடம் கேளுங்கள். மாதம் இருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் இங்கே வர வேண்டும் என்று ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். தாய்மார்களே, நீங்கள் எந்தத் தீர்மானத்துக்கும் காத்திருக்க வேண்டாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையே என்றும் தயங்க வேண்டாம். பால்வாடியில் சேர அது தேவையில்லை. திங்கட்கிழமை காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.