வீட்டுக் கணினிக்குள் வேவுகாரன்

(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



ரப்பர் மரத்தைப் பற்றி உங்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை வேர் நோய் கண்ட மரம் வெளிப்பார்வைக்கு நலமாகவே நிற்கும், பாலும் கொடுக்கும். இலை மஞ்சளிக்கும் வேளையிலோ வேர் பெரிதும் கெட்டிருக்கும். வீட்டுக் கணினியைப் பற்றும் வேவு மென்பொருளும் அத்தகையதே. அதனை ஸ்பைவேர் என்றும் சொல்வர்.

உரியவர் அறியாமல் கணினிக்குள் தங்கி, அங்கு நடப்பவற்றை வெளியாருக்கு அனுப்புவதே அதன் தொழில். ஒருவகை, விசைப்பலகையில் நாம் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் குறித்துக்கொள்ளும். இன்னொருவகை, நாம் சேமித்து வைத்த கடவுச்சொற்களை ஒருங்கே அள்ளிச் செல்லும். 'நம்மிடம் களவாட என்ன இருக்கிறது?' என்று கேட்போர் உண்டு. வங்கிக் கணக்கையும் ஊழியர் சேமநிதிக் கணக்கையும் இன்று கணினி வழியாகவே பார்க்கிறோம். விடியுமுன் எழுந்து, ஆண்டுக்கணக்கில் மரம் சீவிச் சேர்த்த பணம் அங்கேதான் இருக்கிறது.

இவ்வேவுகாரன் பூட்டை உடைத்து வருவது குறைவு. நம் கையாலேயே கதவைத் திறக்கச் செய்து நுழைவதே மிகுதி. திருக்குறளில் ஒற்றாடல் என்றோர் அதிகாரம் உண்டு. ஒற்றர் துறவியர் வேடத்திலும் செல்வர் என்பதை வள்ளுவர் அதில் காட்டியுள்ளார். இக்காலத்து ஒற்றனோ திருமண அழைப்பிதழாக வருகிறான். இலவசத் திரைப்படமாக வருகிறான். விலையில்லா மென்பொருளாகவும் வருகிறான்.

நம் நாட்டில் நடந்த ஒன்றையே சொல்வோம். வீடு துப்புரவு செய்யும் நிறுவனங்களின் பெயரில் போலி இணையத்தளங்களை அமைத்து, எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு வலை விரித்ததை, ஈசெட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்டது. சேவை வேண்டுவோர் ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்குமாறு கேட்கப்பட்டனர். பணம் கட்டும் பக்கமும் போலியே. அங்கே எழுதிய கடவுச்சொல் திருடர் கைக்குச் சென்றது. வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி எண்ணையும் அச்செயலி அவர்களுக்கே அனுப்பிவைத்தது. குறுஞ்செய்தி எண்முறையைக் கைவிடுமாறு வங்கிகளைப் பணிக்கும் நடவடிக்கையை அதே ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்தது. கைப்பேசியும் சட்டைப்பைக்குள் இருக்கும் கணினியே என்பதை மறத்தலாகாது.

இனி வீட்டுக் கணினிக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் மகன், தம்பி தங்கையர் படிப்புக்கென்று பழைய கணினி ஒன்றை வாங்கித் தோட்டத்து வீட்டுக்கு அனுப்புகிறான். நல்ல எண்ணமே. ஆயினும், அதிலுள்ளவற்றை முற்றாக அழித்து, உரிமம் உள்ள இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பிறகே அதனைப் பயன்படுத்த வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நின்றுவிட்டமையால், பழைய கணினி வாங்குவோர் அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று கேட்டறிதல் நலம். அவ்விரண்டிலும் டிஃபெண்டர் என்னும் காவல் மென்பொருள் உடன் வருகிறது; அதனை நிறுத்தி வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றைத் தனியே அமைத்து, புதிய மென்பொருளை நிறுவும் உரிமையைப் பொறுப்பான ஒருவரிடம் மட்டும் வைக்க வேண்டும். திருட்டுப் படமும் திருட்டு மென்பொருளும் இலவசமல்ல. அவற்றின் விலை பின்னர் வசூலிக்கப்படும்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற நேர்ந்தால் என்ன செய்வது? உடனே இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். நலமுள்ள வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கியையோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்னும் எண்ணிலோ அழையுங்கள். பின்னர்ப் போலீசில் புகார் செய்யுங்கள். வந்த செய்திகளை அழித்துவிட வேண்டாம், அவையே சான்று. களவுபோன பணம் கணக்குவிட்டுக் கணக்கு விரைந்து மாறும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

நம்மவர்களைப் பெரிதும் தடுப்பது வெட்கமே. 'பிள்ளைகள் ஏசுவார்கள், அண்டை வீட்டார் சிரிப்பார்கள்' என்று வாய்திறவாதிருப்போர் பலர். அந்த மௌனம் திருடனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் புகுவது 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். குற்றவாளி புகுந்தவனே, ஏமாந்தவர் அல்லர். பெற்றோர் ஏமாந்தனர் என்று கேள்விப்படும் பிள்ளைகளும் கடிந்து பேசாமல், முதலில் தொலைபேசியை எடுத்து உதவ வேண்டும்.

ஆகவே, பெருமக்களே, அறியாத ஒன்று 'அனுமதி' கேட்டு நிற்கும்போது, அழுத்துமுன் கையை நிறுத்துங்கள். வீட்டில் ஒருவரைக் கலந்து பேசுங்கள். உழைத்துத் தேடியதைக் காத்துக்கொள்வதும் உழைப்பின் ஒரு பகுதியே.