களவிற் பதிந்த குரல்

"பகலிற் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பது முன்னோர் மொழி. இதன் பொருளை ஹட்டன், நுவரெலியா முதலிய மலையகத் தோட்டங்களில் வாழ்வோர் நன்கறிவர். ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அமைந்த லயன் அறைகளில், ஒரு வீட்டுப் பேச்சு மறுவீட்டிற் கேட்பது புதுமையன்று. ஆயினும், செவியிற் பட்ட சொல் நாளடைவில் மறந்துபோம். கைத்தொலைபேசியிற் பதிந்த சொல்லோ பேசியவர் அறியாமலே ஊரெங்கும் உலாவும். ஆதலின், பிறர் பேச்சை அவரறியாமற் பதிதல் சட்டத்துக்கு ஏற்றதா, அறத்துக்கு ஏற்றதா என்று நேயர்கள் சிந்தித்தல் நன்று.

இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம், ஒலிப்பதிவைச் சான்றாக ஏற்க வழி செய்தது. கருவி செவ்வனே இயங்கியிருத்தல் வேண்டும். பதிவு மாற்றப்படாதிருத்தல் வேண்டும். விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் வேண்டும். பேசியவரின் சம்மதம் இந்நிபந்தனைகளுள் ஒன்றன்று. ஆனால், பிறர் இருவரின் தொலைபேசி உரையாடலை இடைமறித்துக் கேட்டல் வேறு. 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டப்படி அது குற்றமாகும்.

இவ்வேறுபாடு தோட்டத்திற் பெரிதும் பயன்படுவது. கொழுந்து பறிக்கும் ஒருத்தியிடம், "நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம்" என்று பிரட்டுக்களத்தில் வாய்மொழியாகவே கூறிவிடுகின்றனர் எனக் கொள்வோம். பின்னர், "அவளாகவே நின்றுவிட்டாள்" என்கின்றனர். நிர்வாகத்திடம் பதிவேடு உண்டு. அவளிடம் ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தோன்றிய தொழில் நியாய சபைகள் சான்றுக் கட்டளைச் சட்டத்தாற் கட்டுப்பட்டவை அல்ல. நீதியும் ஒப்புரவுமே அவற்றின் அளவுகோல். அங்கே, தன்னிடம் கூறப்பட்டதைத் தானே பதிந்து வைத்தவளின் கைத்தொலைபேசி அவளுக்குச் சாட்சியாகலாம். அதனை வஞ்சகம் என்று தள்ளுதல் முறையன்று.

இந்திய உச்ச நீதிமன்றமும் 1972இல் மல்கானி வழக்கில் இத்தகைய பதிவை ஏற்றது. பம்பாயின் மரண விசாரணை அதிகாரி கையூட்டுக் கேட்டு ஒரு மருத்துவருடன் நிகழ்த்திய தொலைபேசிப் பேச்சை, அம்மருத்துவரின் சம்மதத்துடன் பொலிசார் பதிந்திருந்தனர்.

அதே கருவி வரம்பு மீறினால் விளைவது யாது? 2020 சனவரியிற் பாராளுமன்ற உறுப்பினர் ரஞ்சன் ராமநாயக்கவின் இல்லத்தைப் பொலிசார் சோதனையிட்டு, ஒலிப்பதிவுகளைக் கைப்பற்றினர். நீதிபதிகள், பொலிஸ் அதிகாரிகள் முதலியோருடன் அவர் பேசிய பேச்சுகள் விரைவில் நாடெங்கும் ஒலித்தன. மக்கள் அறியவேண்டிய செய்தியும், எவர்க்கும் வேண்டாத அந்தரங்கமும் ஒருங்கே தெருவுக்கு வந்தன.

திருக்குறள் ஒற்றாடலை அரசனுக்குரிய கருவியாகவே கூறிற்று. ஓர் ஒற்றன் தந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராயவும் பணித்தது. பதிவின் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுக்கவும், ஒருவரின் குரலையே செயற்கையாய் ஆக்கவும் இயலும் இக்காலத்தில் அவ்வெச்சரிக்கை இன்னும் பொருந்தும். குடிமக்கள் ஒருவரையொருவர் ஒற்றறியுமாறு வள்ளுவர் கூறவில்லை. அவர்களுக்குப் புறங்கூறாமையையே விதித்தார்.

இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் அந்தரங்க உரிமை தனியே கூறப்படவில்லை. ஆகவே, சட்டம் நில்லாத இடத்தில் மனச்சாட்சி நிற்றல் வேண்டும். லயனில் எவர்க்கும் தனிமை எளிதன்று. கேட்டும் கேளாதிருத்தலே அயலார் ஒருவர்க்கொருவர் செய்யும் மரியாதை. அடுத்த வீட்டுக் கணவன் மனைவியரின் சச்சரவைப் பதிந்து பரப்புவோரும், சங்கக் கூட்டத்தில் நம்பிக் கூறியதைப் பதிந்து நிர்வாகத்திடம் கொடுப்போரும் அம்மரியாதையை அழிப்பவராவர். பின்னர் அவர்கள் முன்னிலையில் எவரும் மனம் திறந்து பேசார்.

பதிவு செய்ய விரல் நீட்டுமுன் மூன்றை எண்ணுதல் வேண்டும்: அப்பேச்சு தம்மிடம் பேசப்பட்டதா? ஒரு தீங்கைத் தடுக்க அது இன்றியமையாததா? உரிய மன்றத்துக்கு மட்டுமே அது செல்லுமா? மூன்றுக்கும் "ஆம்" என்பவர் தம்மைக் காப்பவர். ஏனையோர் பிறர் வீட்டுக் கதவைத் திறப்பவரே.