நமது கணக்கை நாமே எழுதுவோம்
(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில், எல்லயில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருமான வரி என்றதும், “அது கொழும்பு முதலாளிமாருடைய சங்கதி, கொழுந்துக் கூடைக்கும் அதற்கும் என்ன உறவு?” என்று உங்களிற் பலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவர் எங்கள் லயத்து அம்மையார் ஒருவர்.

முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து கொய்து ஓய்வுபெற்ற அவர், சேமலாப நிதியாகக் கிடைத்த பணத்தை வங்கி ஒன்றில் நிலையான வைப்பாக இட்டிருந்தார். ஆண்டு வட்டி 40,000 ரூபா வரவேண்டிய இடத்தில் 36,000 ரூபாவே வந்தது. “தம்பி, நாலாயிரத்தை யார் எடுத்தார்கள்?” என்று என்னைக் கேட்டார். பணம் களவு போகவில்லை, வரியாகக் கழிக்கப்பட்டிருந்தது.

2025 ஏப்ரல் 1 முதல், வைப்பு வட்டியிற் கழிக்கும் வரி நூற்றுக்கு 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது. அதே நாளிலிருந்து, வரி இல்லாத ஆண்டு வருமானத்தின் எல்லை 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆகவே அந்த அம்மையார் ஒரு சதமும் வரி கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். ஆனால் அது வங்கிக்கு எப்படித் தெரியும்? “என் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படவில்லை” என்று சுயபிரகடனப் படிவம் ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் வங்கி கழிக்காது. கொடாதவரிடம் கழித்தே தீரும். கழித்துவிட்ட பணத்தையும், வருமான விவரத்திரட்டை ஒப்படைத்து மீளக் கேட்கலாம். அதற்கெல்லாம் முதலில் வேண்டுவது உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வழங்கும் வரி இலக்கம்.

இலக்கம் எடுத்தால் வரி கட்டவேண்டி வரும் என்று நம் பெரியோர் அஞ்சுகிறார்கள். வரியைத் தீர்மானிப்பது வருமானமே, இலக்கம் அன்று. எனினும் அந்த அச்சத்தை நான் இகழமாட்டேன். தோட்டத்து மக்களுக்குக் காகிதம் நன்மை செய்த காலம் குறைவு. ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தாலே அவரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை கொடுத்த சீட்டு அது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது ஒழிந்தது. அக்காலத்தில் நம் கணக்கைப் பிறர் எழுதினர். நாம் கைநாட்டு வைத்தோம். இன்று நம் கணக்கை நாமே எழுதலாம். எழுதாவிட்டால், இன்றும் பிறர் எழுதுவதே கணக்காகும்.

இனி, எல்லைக்கு மேல் உழைக்கும் வாலிபர்களுக்குச் சில சொற்கள். 18 இலட்சம் என்பது மாதம் ஒன்றரை இலட்சம். அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்து ஐந்தைந்து இலட்சத்துக்கு முறையே 18, 24, 30 வீதம். மிகுதிக்கு 36 வீதம். மாதம் 2 இலட்சம் சம்பளம் பெறுபவர் முன்பு ஆண்டுக்கு 1,26,000 ரூபா கொடுத்தார். புதிய முறையில் அவர் கொடுப்பது 36,000 ரூபா. சம்பளச் சீட்டில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். மிஞ்சும் பணத்தைச் சேமியுங்கள்.

ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவருவோருக்கு அறை கொடுக்கும் அன்பர்கள் நம் ஊரிற் பலர். அவர்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, கொப்பியே சாட்சி. வந்த பணத்தையும், தொழிலுக்கான மின்கட்டணம், சலவை, கூலி ஆகியவற்றையும் அன்றன்றே எழுதி, பற்றுச்சீட்டுகளைக் கட்டி வையுங்கள். வரிக்கு உட்படுவது செலவு போக மிஞ்சும் இலாபமே. வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு வாடகையில் 25 வீதம் நிவாரணம் உண்டு. கூரையிற் சூரியசக்தித் தகடு பொருத்தி அரச மின்வலையோடு இணைத்தவர், ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபா வரையிலான செலவைக் கழிக்கலாம்.

கோவில் திருவிழாவுக்குக் கொடுத்ததும் கழியுமா என்று ஒருவர் வினவினார். கழியாது என்றே கொள்ளுங்கள். நோயாளரையும் ஆதரவற்றோரையும் பராமரிக்கும், அரசு அங்கீகரித்த தரும நிறுவனங்களுக்குக் கொடுத்த பணமே கழியும். அதற்கும் வரம்பு உண்டு. அம்மனுக்குக் கொடுப்பதை அம்மனுக்காகவே கொடுப்போம், கணக்குக்காக அல்ல.

வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. தொழில் செய்வோர் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15ஆந் திகதிக்குள் தவணைகளையும், செப்டம்பர் 30க்குள் மிகுதியையும் செலுத்தவேண்டும். விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. இந்நாட்களை வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிற் குறித்து வையுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். எல்லைக்கு மேல் உழைப்பவர் எல்லைக்குட்பட்டவர் போலப் பொய்ப் பிரகடனம் கொடுப்பது குற்றம். நமக்குரியதை விடாமற் கேட்போம். நாட்டுக்குரியதை ஒளியாமற் கொடுப்போம்.

வாலிப நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது சிறிய தொண்டு. உங்களுள் ஒவ்வொருவரும் தம் லயத்தில் வைப்புப் பணமுள்ள ஒரு முதியவரைத் தேடிச் செல்லுங்கள். படிவத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, பொருளை விளக்கி, அவர் சம்மதித்த பின்பே கையெழுத்திடச் செய்யுங்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் மறவாது இதைச் செய்யுங்கள்.

அந்த அம்மையார் இவ்வாண்டு படிவம் கொடுத்தார். வட்டி முழுவதும் வந்தது. அந்த நாலாயிரம் பேத்தியின் பாடசாலைச் சப்பாத்தாகவும் கொப்பிகளாகவும் மாறியிருக்கிறது. கணக்கு எழுதிய கையின் பயன் அதுவே.