மண்டபமும் வேலையும் ஒரே கூரையின் கீழ்

 நம் ஊர்க் காது கேளாதோர் சங்கத்தின் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் இந்த அவையில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தப் பணத்தில் புதுப்பிப்பது, புதுப்பித்த பிறகு அதை எது தாங்கி நிற்கும் என்பதில்தான் பேச வேண்டியிருக்கிறது. நன்கொடை திரட்டி, வெள்ளையடித்து, கல்வெட்டுத் திறந்துவிட்டுக் கலைந்துபோகும் வழி எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே காது கேளாதோர் தாங்களே நடத்தும் ஒரு தொழில் இருக்க வேண்டும். அதன் வருமானத்தில் மண்டபம் நடக்க வேண்டும். சமூகத் தொழில் நிறுவனம் என்று இதைச் சொல்கிறார்கள். லாபம் உண்டு, ஆனால் அது தனியார் பைக்குப் போகாமல், எதற்காகத் தொடங்கினார்களோ அந்த வேலைக்கே திரும்பிவரும்.

ஒரு சங்கத்துக்கு இத்தனை முக்கியத்துவமா என்று கேட்கலாம். 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும், சைகை மொழியை விலக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். அதன்பின் பல நாட்டுப் பள்ளிகளில் வகுப்பில் கையை அசைத்த பிள்ளை தண்டனை வாங்கியது. மொழி அழியவில்லை. விடுதி அறைகளிலும் சங்கக் கூடங்களிலும் அது பிழைத்துக்கொண்டது. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். ஆகவே தன் மொழியை அந்தக் குழந்தை வீட்டில் பார்த்துப் பழக வழியில்லை. தன்னைப் போன்ற பிள்ளைகளிடமும் மூத்தவர்களிடமும்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் கூட ஓரிடம் வேண்டாமா?

வீடியோ அழைப்பு வந்துவிட்ட காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மண்டபத்துக்கு யார் வருவார்கள் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் இது முன்பே எழுந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே நகரந்தோறும் காது கேளாதோர் கிளப்புகள் களைகட்டியிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக ஆளில்லாமல் மறைந்தன. தட்டச்சுத் தொலைபேசியும், டிவி படத்தின் அடியில் வசன வரிகளும் வந்ததால் மக்கள் வீட்டோடு தங்கிவிட்டார்கள் என்று பலரும் விளக்கம் சொன்னார்கள். காது கேளாதவரும் மொழி ஆய்வாளருமான கரோல் பேடன் அந்த விளக்கம் போதாது என்றார். வேலை மாறியதைப் பாருங்கள் என்றார் அவர். ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், முதல் உலகப் போரின்போது ஆள் பற்றாமல் தவித்த குட்இயர் டயர் ஆலை காது கேளாத தொழிலாளரை நூற்றுக்கணக்கில் சேர்த்தது. அவர்கள் தங்களுக்கென்று ஒரு விளையாட்டு அணியே வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மறுபடியும் திரண்டு வந்தார்கள். 1945இல் அமெரிக்கக் கிளப்புகளுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தியது ஆக்ரன் கிளப்தான். பத்திரிகை அலுவலகங்களிலும் அப்படியே; லைனோடைப் இயந்திரங்களின் இரைச்சல் தொல்லை தராததால் அச்சுக்கோக்கும் வேலையில் அவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆலைகளில் வேலை சுருங்கியது, அச்சுக்கோப்பைக் கணினி எடுத்துக்கொண்டது. ஒரே கூரையின் கீழ் சேர்ந்து உழைத்தவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். கிளப்பின் உயிர் அந்தச் சேர்ந்த உழைப்பில் இருந்திருக்கிறது. வேலையை மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

அப்படி ஒரு தொழில் நடக்குமா? மும்பையில் துருவ் லக்ரா தொடங்கிய மிராக்கிள் கூரியர்ஸ், காது கேளாதோரையே வேலைக்கு வைத்துக் கடிதமும் பார்சலும் கொண்டுசேர்த்தது. ஆண்கள் தெருவில் இறங்கினார்கள், பெண்கள் அலுவலகத்தில் தபால் பிரித்தார்கள், தகவல் பரிமாற்றம் குறுஞ்செய்தியில் நடந்தது. தருமம் கேட்காமல் வியாபாரம் கேட்ட நிறுவனம் அது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஹைனெக்கேயின் முயற்சியில் ‘மௌனத்தில் உரையாடல்’ என்ற கண்காட்சி தொடங்கியது. காது கேட்பவர்கள் ஒலியை அடைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். முகத்தாலும் கையாலும் எப்படிப் பேசுவது என்று காது கேளாத வழிகாட்டிகள் சொல்லித்தருவார்கள். அங்கே விற்கப்படுவது அவர்களுடைய திறமை. தோற்றதும் உண்டு: டொரண்டோவில் 2014இல் திறந்த சைகை மொழி உணவகம் உலகமெங்கும் செய்தியானது, சில ஆண்டுகளில் மூடப்பட்டது. புதுமைக்காக ஒருமுறை வருபவரை மட்டும் நம்பி எந்தக் கடையும் நடக்காது. நம் மண்டபத்தில் கேட்டரிங் வைத்தால் சாம்பார் ருசியாக இருந்தாக வேண்டும். அச்சகம் வைத்தால் கல்யாணப் பத்திரிகை சொன்ன தேதியில் கைக்கு வந்தாக வேண்டும். என் கணிப்பில் இவற்றைவிட உறுதியான வரவு சைகை மொழிப் பயிற்சி. வங்கி, மருத்துவமனை, காவல் நிலையம் எல்லாவற்றுக்கும் அது தேவை. அதைக் கற்பிக்க இவர்களைவிடத் தகுதியானவர் யார்?

இது அரசின் கடமை அல்லவா, ஏன் இவர்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று கோபப்படும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடமும், நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் சைகை மொழிபெயர்ப்பாளரும் அரசின் கடமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் தொகுதி நிதியோ கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பணமோ பெரும்பாலும் ஒருமுறை வரும், கட்டடமாக வரும். மாதாமாதம் வரும் மின்கட்டணத்தையும் காவலாளி சம்பளத்தையும் அது கட்டாது. கட்டுமானத்துக்கு அதைத் தாராளமாக வாங்குவோம். 2021இல் திருத்திய விதிகளின்படி, சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பதிவுபெற்ற சங்கமோ அறக்கட்டளையோ வைத்திருக்கலாம். பத்திரம் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், அன்றாடச் செலவு சங்கத்தின் சம்பாத்தியத்தில் நடக்கட்டும்.

சொந்த வருமானம் இருந்தால்தான் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் அதிகாரத்தோடு சொல்ல முடியும். வாஷிங்டனில் காது கேளாதோருக்காக உள்ள காலடெட் பல்கலைக்கழகத்தில் 2005இல் கட்டடக்கலைஞர் ஹேன்சல் பௌமன் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து இதை ஆராயத் தொடங்கினார். இருவர் சைகையில் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் நடக்க அகலமான நடைபாதை, எதிரே வருபவர் தெரியும்படி திருப்பங்கள், கை தெளிவாகத் தெரியத் தோல் நிறத்திலிருந்து மாறுபட்ட சுவர் வண்ணம் என்று அந்த ஆய்வு விரிந்தது. நம் மண்டபங்களை நினைத்துப் பாருங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே மின்விசிறி தொங்குகிறது. இறக்கை சுற்றச் சுற்ற வெளிச்சம் வெட்டி வெட்டி விழுகிறது. பேசுபவரின் விரல்கள் அந்த நிழலில் தடுமாறித் தெரிகின்றன. மேடைக்குப் பின்னால் ஜன்னல் வைத்தால் முகம் இருண்டுவிடும். பளபளக்கும் கிரானைட்டுக்குப் பணம் தருபவருக்கு இது தோன்றாது. அவர் மேல் தவறில்லை, அவர் காதால் கேட்பவர்.

கடைசியாக, வியாபாரம் மண்டபத்தை விழுங்கிவிடும் என்ற அச்சம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முகூர்த்த நாளில் நல்ல வாடகை வருகிறதென்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தள்ளிவைக்கும் சபலம் எந்த நிர்வாகத்துக்கும் வரும். எனவே சங்க விதிகளிலேயே எழுதிவிடுங்கள்: பெரிய கூடம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தினமும் மாலையிலும் உறுப்பினர்களுக்கு மட்டுமே, நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை காது கேளாதோர், வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர்கள் அவர்கள், ஆண்டுக் கணக்கு சைகை மொழியில் பொதுக்குழு முன் வாசிக்கப்படும். ஊர்ப் பெருமக்களிடம் நான் கேட்பது காசோலை அல்ல, ஆர்டர். உங்கள் வீட்டு விசேஷத்துக்கான சாப்பாட்டையும் பத்திரிகையையும் இங்கே கொடுங்கள், உங்கள் அலுவலக ஊழியர்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். பொறியாளர் வரைபடம் போடும் முன் சங்கத்துக்காரர்களோடு அதே மண்டபத்தில், விளக்கையும் விசிறியையும் போட்டுவிட்டு, ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கட்டும்.